ஒரு றாத்தல் பாண்

“அன்ரிக்கு ஹலோ சொல்லு. சொல்லு பாப்பம். வீட்டில வடிவாச் சொல்லுவாய்தானே, சொல்லு.”

உவர்மலை வீடோ உப்புவெளி வீடோ, ஆள் வந்தால் விறாந்தையில் கேட்கிற வசனம் இது. மொழி சிரமப்பட்டு வருகிற பிள்ளை அந்த நேரம் அம்மாவின் சட்டைக்குப் பின்னால் ஒளியும். இல்லாவிட்டால் “அன்ரிக்கு ஹலோ சொல்லு” என்று முழு வசனத்தையும் அப்படியே திருப்பிச் சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். நாலைந்து தரம் இப்படி நடந்த பிறகு கேற் திறக்கிற சத்தத்துக்கே பிள்ளை அறைக்குள் ஓடும். “இவன் ஆக்களோட சேரமாட்டான்” என்ற பெயரும் வந்துவிடும்.

அந்த இடத்தில் பிள்ளைக்குக் கதைக்க ஒரு தேவையும் இருக்கவில்லை. அன்ரியிடமிருந்து அதற்கு ஒன்றும் வேண்டாம். அன்ரிக்குச் சொல்லவும் ஒன்றும் இல்லை. ஒரு ஆளிடம் போய், ஒன்றைக் கேட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்ததைச் சொல்வது என்பது ‘ஹலோ’வைப் பாடமாக்குவதால் வராது. அது வருவதற்குத் திருகோணமலையில் எந்த ஒழுங்கையிலும் கிடைக்கிற நல்ல இடம் மூலைக்கடை. அதனால் இந்தப் பதிவில் பாதி, கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்குவதைப் பற்றியது.

அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. காது கேட்கிறது, விளையாட்டும் சமர்த்தும் வயதுக்கேற்ப இருக்கிறது, மொழி மட்டும் பின்தங்கி நிற்கிற பிள்ளைகள் உண்டு. இதை ‘வளர்ச்சிசார் மொழிக் கோளாறு’ என்று அழைக்கலாம் என 2017 இல் வெளிவந்த நிபுணர் குழு அறிக்கை பரிந்துரைத்தது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் உளவியலாளர் டொரதி பிஷப். இங்கிலாந்தில் 4, 5 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2016 இல் வெளிவந்த ஆய்வில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் கொஞ்சம் மேல் இந்தச் சிரமம் இருந்தது. முப்பது பேர் இருக்கிற வகுப்பில் இரண்டு பேர். இன்னும் சில பிள்ளைகளுக்கு இலக்கணம் நன்றாக இருக்கும், நீளமாகவும் கதைப்பார்கள், யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்ற பிடிதான் இருக்காது. 2013 இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதற்குத் தனிப்பெயர் கொடுத்தது. ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும், வேகம்தான் வேறு.

எதற்கும் முதல் காதைச் சோதியுங்கள். “ரொபிக் கடதாசி சரசரத்தா எங்க இருந்தாலும் ஓடி வருவான், காதில பிழையில்லை” என்பது சோதனை அல்ல. நடுக்காதில் நீர் கட்டின பிள்ளைக்கு ஒரு கிழமை நன்றாகக் கேட்கும், அடுத்த கிழமை மங்கலாகக் கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வீட்டில் ‘குழப்படி’ என்று நினைத்து ஏசுகிறோம்.

சரி, வீட்டில் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது ஃபோனில் ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். பிள்ளை நித்திரையான பிறகு போட்டுக் கேட்டு மூன்றை எண்ணுங்கள்: பெரியவர்கள் கேட்ட கேள்வி எத்தனை, பிள்ளை வாய் திறந்தது எத்தனை, அதில் யாரும் கேட்காமல் பிள்ளை தானாகத் தொடங்கியது எத்தனை. பல வீடுகளில் முதல் எண் பெரிதாக இருக்கும், கடைசி எண் ஒன்றோ சைபரோ. அந்தக் கேள்விகளும் எப்படிப்பட்டவை? “இது என்ன நிறம்?” “இது ஆர்?” “மாடு எப்பிடிக் கத்தும்?” கேட்கிறவருக்கே விடை தெரிந்த கேள்விகள். அதற்குப் பெயர் கதையல்ல, பரீட்சை.

ஒரு கேள்விக்கு நாலு சாதாரண வசனம் என்ற கணக்கில் மாற்றிப் பாருங்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஒரு வரி: “காகம் வந்திட்டுது.” பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்துத்தான் முழு வேலையிலும் கஷ்டமான பகுதி. மூன்றாவது வினாடியிலேயே நமக்கு நெஞ்சு அடிக்கும், நாலாவதில் கேள்வியை வேறு மாதிரிக் கேட்டுவிடுவோம். அப்படி மாற்றிக் கேட்டால், முதல் வசனத்தைப் பாதி விளங்கிக்கொண்டிருந்த பிள்ளை அதை விட்டுவிட்டு இரண்டாவதை முதலிலிருந்து விளங்க வேண்டி வருகிறது. திருப்பிச் சொல்லத்தான் வேண்டுமென்றால் அதே சொற்களை, அதே ஒழுங்கில் சொல்லுங்கள்.

பிள்ளை பிழையாகச் சொன்னால் “அப்பிடி இல்லை, சரியாச் சொல்லு” வேண்டாம். “நான் தண்ணி வேணும்” என்றால், தண்ணீரைக் கொடுத்தபடியே “எனக்குத் தண்ணி வேணும். இந்தா” என்று பிள்ளையின் பக்கத்திலிருந்து சொல்லிக் காட்டுங்கள். “அப்பா போகுது” என்றால் “ஓம், அப்பா போறார்.” சில பிள்ளைகள் தங்களுக்குத் தண்ணீர் வேண்டும்போது “உனக்குத் தண்ணி வேணுமா?” என்பார்கள். நாம் கேட்ட கேள்வியை அப்படியே எடுத்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைக் குறும்பு என்று எடுக்காமல், அந்தப் பிள்ளையிடம் இனிக் கேள்வியாகக் கேட்பதைக் குறைத்து, அது சொல்லவேண்டிய வசனத்தையே அதன் வாய்க்குப் பொருத்தமாகச் சொல்லுங்கள்.

இனிக் கடை.

போகிற நேரத்தை முதலில் தெரிவு செய்யுங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை கூடாது. பாணுக்கும் பால்மாவுக்கும் ஆக்கள் முண்டியடிக்கிற நேரம், பெரியவர்களின் கை பிள்ளையின் தலைக்கு மேலால் போகும். பத்தரை, பதினொரு மணி, அல்லது பின்னேரம் மூன்று மணி நல்லது. முதல் நாள் நீங்கள் தனியப் போய்க் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்: “நானா, நாளைக்கு மகன் வருவான். அவன் கேக்கிறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பொறுத்துப் பாருங்கோ, நீங்களா எடுத்துக் குடுத்திடாதேங்கோ. என்னையும் பாக்காதேங்கோ, அவனைப் பாருங்கோ.” கடைசி வசனம் முக்கியம். கடைக்காரர் அம்மாவைப் பார்த்து “என்ன வேணுமாம்?” என்று கேட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது.

வீட்டில் ஒரு பழைய கொப்பி மட்டையை வெட்டி ஐந்து துண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டுப் படம்: நிற்கிற கடைக்காரர், பாண், காசு கொடுக்கிற கை, மிச்சக் காசு வாங்குகிற கை, கையசைக்கிற பிள்ளை. படம் வடிவாக இருக்கத் தேவையில்லை. குசினி மேசைக்குப் பின்னால் அக்கா கடைக்காரராக நிற்க, ஐந்து நிமிடம் விளையாடுங்கள். பிறகு ஆளை மாற்றுங்கள்: பிள்ளை கடைக்காரர், அம்மா வாங்க வந்தவர். மாற்றி விளையாடாத பிள்ளைக்குத் தன் வரிசை மட்டும் பாடமாகும், மற்றவர் பக்கம் தெரியாது.

உண்மையான கடையில் பிள்ளையிடம் முதல் நாளே எல்லாவற்றையும் ஒப்படைக்காதீர்கள். பின்னுக்கிருந்து முன்னுக்கு வாருங்கள். முதல் மூன்று நாலு தரம் நீங்களே பாண் கேட்டு, காசும் கொடுங்கள். மிச்சக் காசை வாங்கி “வாறன் நானா” என்று சொல்வது மட்டும் பிள்ளையின் வேலை. அது தடக்கில்லாமல் வந்த பிறகு காசு கொடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பாண் கேட்பது. கடைசியாகத்தான், கடைக்காரர் வேறு வேலையாக நிற்கும்போது “நானா” என்று கூப்பிட்டு அவரைத் திருப்புவது. முன்னுக்கிருந்து தொடங்கினால் பிள்ளை அதிகக் கஷ்டமான இடத்தில் தடக்கும், மிச்சத்தை நாம் செய்து முடிப்போம். அதற்கு நினைவில் நிற்பது தடக்கினது மட்டும். பின்னுக்கிருந்து வந்தால் ஒவ்வொரு தரமும் பாண் கையிலிருக்க, தன் வேலையைத் தானே முடித்துவிட்டுத் திரும்பும்.

“போறன்” என்று சொல்லப் பழக்கவேண்டாம். “வாறன்”, “போட்டு வாறன்” என்பதுதான் நம் வழக்கம். ஆறு வயதுப் பிள்ளை “போறன்” என்று விட்டுத் திரும்பினால் ஊர்ப் பெரியவர்களுக்கு முகம் மாறும், பிள்ளைக்குக் காரணம் விளங்காது.

தடக்கினால் என்ன செய்வது? முதலில் பத்து எண்ணுங்கள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் “ஒரு…” என்று தொடக்கத்தை மட்டும் கொடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் நீங்களே “ஒரு றாத்தல் பாண் தாங்கோ” என்று முழுதாகச் சொல்லி, அலுப்பில்லாமல் முடித்துவிட்டு வாருங்கள். பிள்ளைக்கு முன்னால் நின்று “சொல்லு, சொல்லு” என்பதை மட்டும் தவிருங்கள். வாயால் கொடுக்கிற தூண்டுதலைப் பிறகு நிறுத்துவது மிகவும் கஷ்டம். ‘சொல்லு’ என்ற சொல்லே வரிசையின் ஒரு பகுதியாகி, அது வரும்வரை பிள்ளை காத்து நிற்கும். படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடலாம். உங்கள் குரலை அப்படி வைக்க முடியாது. பின்னால் நில்லுங்கள், அரையடி தள்ளி.

மூன்றாம் கிழமை அளவில் வேறொரு பிரச்சினை வரும். “ஒரு றாத்தல் பாண் தாங்கோ” நன்றாகப் பழகிவிடும். பாமசிக்குப் போனாலும் பாண் கேட்கும். வசனம் முழுதாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அதனால் ஒரு பொருள் பழகின உடனேயே மாற்றத் தொடங்குங்கள்: ஒரு நாள் தீப்பெட்டி, ஒரு நாள் அரை றாத்தல் பாண், ஒரு நாள் இரண்டு முட்டை. பிறகு வேறு கடை. பிறகு அம்மாவுக்குப் பதில் மாமாவுடன். மூன்று பொருள், மூன்று இடம், மூன்று ஆள் என்று கணக்கு வைத்தால் பயிற்சி கடையை விட்டு வெளியில் வரும்.

அதற்கும் மேலே போகலாம். கடைக்காரரோடு முன்கூட்டியே பேசிவைத்து, பாண் கேட்டால் சவர்க்காரத்தை எடுத்து நீட்டச் சொல்லுங்கள். பிள்ளை அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தால் திட்டாதீர்கள். வீட்டில் மேசைக்கடையில் இரண்டு நாள் “இல்லை நானா, பாண்” பழகுங்கள். அடுத்தது “பாண் முடிஞ்சுது.” இதற்குப் பிள்ளை “பணிஸ் இருக்கா?” என்று கேட்கலாம், அல்லது உங்களைத் திரும்பிப் பார்க்கலாம். பார்ப்பதும் நல்ல பதில்தான், அது உதவி கேட்கிறது. கடைசிக் கட்டம் நெரிசல்: “நானா, நான் முதல் வந்தனான்.” இதை நம்மில் பெரியவர்கள் பாதிப்பேராலேயே சொல்ல முடியாது, அவசரப்படாதீர்கள்.

வீட்டுக்குள் இதே தேவையை உண்டாக்க, முறுக்குப் போத்தலின் மூடியை இறுக்கி மேசையில் வையுங்கள், பிள்ளை கொண்டுவந்து நீட்டும். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுச் சீனிக் கரண்டியைக் கொடுக்காமல் இருங்கள். நாளுக்கு இரண்டு தரத்துக்கு மேல் வேண்டாம். கூடினால் அது சீண்டல். அழுகை வந்தால் நீங்கள் நீளமாக இழுத்துவிட்டீர்கள் என்று எடுங்கள்.

மற்றப் பிள்ளைகளோடு சேர்வது வேறு கலை. டச்சுக்குடாக் கடற்கரையில் பின்னேரம் பத்துப் பேர் கிரிக்கெட் விளையாடுகிற இடத்தில் கொண்டுபோய் விட்டு “போய் விளையாடு” என்றால் நடக்காது. முதலில் ஒரே ஒரு பிள்ளை, ஒரு வயது மூத்த மச்சானோ மச்சாளோ, இருபது நிமிடம், பொருள் ஒன்றே ஒன்று. மணலில் கிடங்கு தோண்டுவதற்கு இரண்டு பேருக்கு ஒரு வாளி. இரண்டு வாளி கொடுத்தால் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியாகத் தோண்டுவார்கள். மூத்த பிள்ளைக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுங்கள்: கிட்டப் போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, பதில் வரும்வரை பொறு, வராவிட்டால் இரண்டில் ஒன்றைக் கேள் (“நீ தோண்டிறியா, தண்ணி ஊத்திறியா?”). சண்டை வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டு ஐஸ்கிறீமுக்குப் போங்கள்.

பெரிய கூட்டத்துக்குள் நுழைய “நானும் வரட்டா?” என்ற கேள்வி நல்ல வழியல்ல. அதற்கு “இல்லை” என்பது சுலபமான பதில். எல்லைக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பார்க்கவும், பந்து தன் பக்கம் வந்தால் எடுத்து எறியவும் பழக்குங்கள். இரண்டு பந்து எறிந்த பிள்ளையை யாரும் போ என்று சொல்வதில்லை. மூன்றாவதில் “அங்க நில்லடா” என்று ஒரு இடம் கிடைக்கும். கிளித்தட்டு, லூடோ இரண்டில் லூடோவில் தொடங்குங்கள். முறை யாருடையது என்பது கையிலிருக்கிற கட்டையைப் பார்த்தாலே தெரியும். கிளித்தட்டில் ஓடுகிற வேகத்துக்கு விதிகளை விளங்க நேரமில்லை.

“விளங்கேல்ல” என்று சொல்லத் தெரியாத பிள்ளைதான் பள்ளிக்கூடத்தில் அதிகம் அடிபடும். தலையை ஆட்டிவிட்டு வேறு ஒன்றைச் செய்யும். இதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. குசினியிலிருந்து ஆறு சாமான், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒன்றாக இரண்டு எடுங்கள்: சிரட்டை, கரண்டி, சிவப்பு மூடி, நீல மூடி, தேசிக்காய், தீப்பெட்டி. நடுவில் ஒரு பெரிய புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்காமல் இருங்கள். “தேசிக்காயைச் சிரட்டைக்குள்ள வை.” கடைசியில் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு வேண்டுமென்றே மழுப்புங்கள்: “அதை அங்க வை.” அல்லது “மூடியை எடு”, எந்த மூடி என்று சொல்லாமல். பிள்ளை ஏதோ ஒன்றை எடுத்தால் சரி, எடுக்கட்டும்; புத்தகத்தைத் தூக்கும்போது பிழை தெரியும். அப்போது “எந்த மூடி? எண்டு என்னட்டக் கேள்” என்று சொல்லிக்கொடுங்கள். கேட்ட உடனே பாராட்டுவதைவிடத் தெளிவாகப் பதில் சொல்வதுதான் நல்ல பரிசு. கேட்டால் வேலை நடக்கிறது என்று அதற்குத் தெரியவேண்டும்.

நடந்ததைச் சொல்வது அடுத்தது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் கதைக்கலாம் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பொறி. “வந்து… பறிச்சிட்டு… ஓடிட்டுது” என்று சொல்லும். எது, எதை, யாரிடமிருந்து என்று ஒன்றும் இருக்காது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், ஃபிரெட்ரிக் கோட்டைக்குள் மான் வந்து பையிலிருந்த வாழைப்பழத்தை இழுக்கிறது என்று வையுங்கள். ஃபோனில் நாலு படம் எடுங்கள்: மான், பை, இழுபறி, ஓட்டம். அன்றிரவு பிள்ளை அந்தப் படங்களைக் காட்டிக் கதை சொல்லவேண்டியது கூடவே வந்த அம்மாவிடம் அல்ல. அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எதற்குச் சொல்வது? வீட்டிலிருந்த அம்மம்மாவிடம். அம்மம்மாவுக்கு உண்மையிலேயே தெரியாது, “ஆர் பறிச்சது?” என்று உண்மையாகவே கேட்பார். இரண்டாம் நாள் படமில்லாமல் அப்பாவுக்கு.

சுற்றிவளைத்துச் சொல்கிற சொற்களைத் தனியாகப் பழக்கவேண்டும், நம் ஊரில் அவை கணக்கில்லாமல் இருக்கின்றன. “நாளைக்குப் பாப்பம்” என்றால் பெரும்பாலும் இல்லை. “நேரம் என்ன?” என்று அப்பா வாசலில் நின்று கேட்டால் ரீவியை நிறுத்து என்று அர்த்தம், பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்து “ஏழரை” என்று சொல்லி ஏச்சு வாங்கும். “டீச்சர் பேசினவ” என்றால் ஏசினார். “சாப்பிட்டாச்சோ?” என்று மதிலுக்கு அப்பாலிருந்து மாமி கேட்பது முகமன், புட்டு, சம்பல், அதில் மிளகாய் கூட என்று விபரம் சொல்லத் தேவையில்லை, “ஓம் மாமி, நீங்கள்?” போதும். கிழமைக்கு இரண்டை எடுத்து, அது வாயில் வருகிற நேரமே அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முகத்தைப் பார், கண்ணைப் பார் என்று தாடையைப் பிடித்துத் திருப்பவேண்டாம். கேட்கிறதா என்பதுதான் விஷயம்.

தமிழை விட்டு ஆங்கிலத்துக்கு மாறச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதீர்கள். பல மொழி கேட்பதால் மொழிக் கோளாறு வருவதில்லை, கூடுவதுமில்லை. தெருவில் சிங்களம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்பது திருகோணமலையில் சாதாரணம். பெற்றோருக்கு நன்றாக வருகிற மொழியில் கதைத்தால்தான் பகிடியும், கோபமும், சமாதானமும் பிள்ளைக்குப் போய்ச் சேரும். யூரியூப் கார்ட்டூன் பார்த்து “நான் பேசமாட்டேன்” என்று புத்தகத் தமிழில் கதைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கார்ட்டூன் பதில் எதிர்பார்ப்பதில்லை. அது காத்திருக்காது, பிழையாகச் சொன்னால் நிற்காது. அதிலிருந்து சொற்கள் வரலாம், முறை மாறிக் கதைப்பது வராது.

12 மாதத்தில் விரல் காட்டாத, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராத, 2 வயதில் இரண்டு சொல் சேர்க்காத பிள்ளையையும், எந்த வயதிலென்றாலும் இருந்த சொற்களை இழக்கிற பிள்ளையையும் “தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்” என்று வைத்திருக்கவேண்டாம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டி, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். பேச்சு மொழிச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்தில் இருக்கிறது. தமிழில் வேலைசெய்கிற சிகிச்சையாளர்கள் குறைவு, அதனால் தவணைகளுக்கு நடுவே இடைவெளி நீளும். அந்த இடைவெளிக்கு ஒரு நாற்பது தாள் கொப்பி வைத்திருங்கள்.

ஒவ்வொரு பக்கத்தையும் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள்: திகதி, எங்கே, பிள்ளை தானாகத் தொடங்கியது என்ன. “நல்லாக் கதைச்சான்” என்று எழுதவேண்டாம். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், சைகை என்றால் சைகையை எழுதுங்கள். “கடை. நானா சவர்க்காரம் நீட்டினார். கையைத் தட்டிவிட்டு ‘பா’ என்றான்.” அடுத்த தவணையில் சிகிச்சையாளர் முதலில் வாசிக்க விரும்புவது இந்த மாதிரி ஒரு வரியைத்தான்.